பிழைக்காரியின் சிவப்பு வட்டம்

பதினோரு வருடமாக அவள் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயரே பிழைக்காரி. வெள்ளிக் கிரகத்தின் பக்கம் ஒரு விண்கலம், செவ்வாய்க் கிரகத்தின் பக்கம் இன்னொன்று. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கலத்துக் கணினியின் நினைவகத்தில் பாய்ந்தால் எங்கோ ஓர் இலக்கம் மாறிவிடும். கணினி அதைத் தானே திருத்திக்கொண்டு, ஒரு பிழை என்று கணக்கு வைக்கும். அந்த எண்ணிக்கை தினம் ஒருமுறை பூமிக்கு வரும். கலம் நலமா என்று பார்க்க வைத்த எண் அது. விஞ்ஞானிகள் யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சூரியன் கொந்தளித்தால் அது அந்தக் கதிர்களைத் தள்ளிவிட, எண் இறங்குகிறது, அடங்கினால் ஏறுகிறது என்று நீல அட்டை நோட்டில் எழுதி எழுதிக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

குப்பையாகக் கிடந்த எண்களுக்கு இப்படி மதிப்பு வந்ததும் துறைத்தலைவர் மூக்கை நுழைத்தார். கணினிக் கோப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய்க் கட்டுரை எழுத உட்கார்ந்தார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், என் பேரும் அதுல வரணும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏம்மா, டாக்டர் சீட்டுல தெர்மாமீட்டர் பேரையா எழுதுவாங்க? போ, போய் வேலையப் பாரு."

நோட்டில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு நாள் இருந்தது. அன்று இரண்டு கலங்களிலும் புது மென்பொருள் ஏற்றினார்கள். ஏற்றியதும் கணினி அணைந்து எழும். எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அன்று வந்தது அரைநாள் கணக்குதான். கோப்பில் இந்த விவரம் கிடையாது. அதையும் சொல்லத்தான் வந்திருந்தாள். சொல்லாமல் நோட்டை மூடிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் அக்கா இஸ்திரி போட்டபடியே திட்டினாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மானம் போனா உங்க ஆபீஸுக்கும்தானே போகும்?"

"தெர்மாமீட்டர் எங்கயாவது வாயத் திறக்குமா அக்கா?"

கருத்தரங்கில் தலைவர் மேடையில் நின்று திரையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். "ரெண்டு கலத்துக்கும் நடுவுல கோடிக்கணக்கான கிலோமீட்டர். ஒரே நாள்ல ரெண்டுலயும் எண்ணிக்கை பாதியா விழுந்திருக்கு. இது யாருமே பாக்காத சூரியப் புயல்!" அரங்கம் கைதட்டியது. கடைசி வரிசையில் அவள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வெளியிலிருந்து வந்த நரைத்த தலை அம்மாள் ஒருவர், இந்தத் துறையில் பழுத்தவர், மெதுவாக எழுந்தார். "அன்னிக்கு ரெண்டு கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

தலைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கடைசி வரிசையைத் துழாவியது. "அது... நம்ம அம்மா குறிச்சு வச்சிருப்பாங்க. சொல்லுங்கம்மா." பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

அவள் நடந்துபோய் நோட்டை அந்த அம்மாளிடம் பிரித்துக் கொடுத்தாள். "ஆமாங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. ரெண்டுலயும்."

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். தலைவர் திரையை அணைக்கப் பொத்தானைத் தேடினார். அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் உங்க கையெழுத்தா? கட்டுரைல உங்க பேரையே காணோமே?"

"என் பேர் இல்லீங்க," என்றாள் அவள், தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நல்லவேளை."