கொழுந்து வருது, கைய எடு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். இரும்புக் கம்பியை உடையும்வரை இழுத்துச் சோதிப்பதுதான் வேலை. காரணமில்லாமல் எதுவும் உடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான், முழங்காலும் இருமலும் அதுவரை விட்டால் சரி.

அந்தக் கட்டடம் முன்பு தேயிலை ஃபேக்டரி. அக்கரப்பத்தனைப் பக்கம், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு மேலே இருந்தது. பத்தொன்பது வயதில் அதன் மேல்மாடியில்தான் கொழுந்து வாட்டினேன். வாடிய கொழுந்தை மாடித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே ஓடுகிற, இலையை உருட்டி நசுக்கும் ரோலருக்குக் காலால் தள்ளிவிட வேண்டும். தள்ளும் முன் "கொழுந்து வருது, கைய எடு!" என்று கத்த வேண்டும். கீழே ரோலர் வாயைச் சுத்தம் செய்கிறவர் அதைக் கேட்டு விலகிக்கொள்வார்.

ஒரு நாள் நான் கத்தவில்லை. தூக்கக் கலக்கம், வேறொன்றுமில்லை. கீழே நின்ற பாக்கியம் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அவருடைய கவனக்குறைவு என்று தோட்டத்தில் கதையை முடித்தார்கள், அக்காவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நான் வாயே திறக்கவில்லை. நாற்பது வருடமாக அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

போன வருடம் எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டு, "நம்ம பில்டிங்கோட வரலாற நீங்கதான் எழுதித் தரணும், வாசல்ல பலகை வைக்கப் போறோம்" என்றார். எந்தத் துரை கட்டியது, எப்போது மூடியது, பல்கலைக்கழகம் எப்படி எடுத்தது எல்லாம் எழுதினேன். கடைசியில் "இங்கே விபத்து எதுவும் நடந்ததில்லை" என்றும் ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்காமலே அதை ஏன் எழுதினேனோ, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மாலை நாலு மணி இருக்கும். பிள்ளைகள் போய்விட்டார்கள், ஜன்னலில் பனிமூட்டம். பழைய ரோலர் நின்ற இடத்தில்தான் இப்போது எங்கள் சோதனை மெஷின் நிற்கிறது. மேலே இருந்த ஓட்டையைக் கொங்கிரீட் போட்டு எப்போதோ அடைத்துவிட்டார்கள். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நம்பினால் நம்புங்கள், அடைத்த ஓட்டைக்கு மேலே யாரோ காலால் கொழுந்தை ஒதுக்கித் தள்ளுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என்னை அறியாமல், "கொழுந்து வருது, கைய எடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன். உடனே இருமல் பிடித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினேன். நிமிர்ந்தபோது சத்தம் இல்லை, மேலே வெறும் கொங்கிரீட்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நோர்வூட்டுக்குப் போனேன். பாக்கியம் அக்கா அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். தேத்தண்ணீரைக் கையில் வாங்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கி நான் கத்தலக்கா. ஒங்க மேல தப்பே இல்ல."

"என்னப்பா சொல்ற? சத்தம் கேட்டுச்சே. கேட்டும் கைய எடுக்காம நின்னது நான்தான, அதான் யாரையும் குத்தம் சொல்லல."

"சத்தியமா நான் கத்தலக்கா."

அக்கா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஒன் கொரலு இல்லதான். வயசான கொரலு. மாடியில இருந்தும் வரல, எம்பக்கத்துல நின்னு கத்துன மாதிரி இருந்துச்சு. யாருடா இந்தக் கெழவன்னு திரும்பிப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. அதுக்குள்ள கை உள்ள போயிருச்சு. கத்திட்டு அந்தாளு இருமுனாரு, அது இன்னும் காதுல இருக்கு."

தேத்தண்ணீரைக் குடிக்காமலே பஸ் ஏறினேன். திரும்பி வந்ததும் விபத்து இல்லை என்ற அந்த வரியை அடித்துவிட்டு அக்காவின் விரல் போன கதையை எழுதினேன், என் பெயரையும் போட்டேன். பலகையில் வைத்துவிட்டார்கள், போய்ப் பார்க்கலாம். ஆனால் என்னுடைய அந்தக் கிழட்டுக் குரல் அன்று கேட்காமல் இருந்திருந்தால் அக்கா திரும்பியிருப்பாரா? இப்போதெல்லாம் ஆய்வுகூடத்தில் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறேன்.