பொட்டுக்கு அடியில் இருந்த வட்டம்

"பொட்டை எடுங்க" என்றார் டாக்டரம்மா.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு அது. காலையிலிருந்து வராந்தாவில் காத்திருந்து உள்ளே போய் உட்கார்ந்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை அதுதான். சீட்டில் 'நெற்றியில் அரிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் நான் பொட்டை எடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தூங்கும்போதுகூட எடுப்பதில்லை. அவரை வெளியே இருக்கச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் டாக்டரம்மாவே நகத்தால் ஓரத்தைத் தூக்கி உரித்துவிட்டார்.

புருவங்களுக்கு நடுவில் எட்டணாக் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம். என் கணவர் குனிந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. இதேபோல் தோலில் வெள்ளை விழுந்து, யாரிடமும் சொல்லாமல் துணியாலோ பொட்டாலோ மூடிக்கொண்டு நடமாடுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடாதீர்கள். மூடியதால்தான் எனக்கு இவ்வளவு பெரிதானது.

அப்போது திருவண்ணாமலையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடும் வேலையில் இருந்தேன். செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பினால், மண்ணெண்ணெய் வரிசைக்கு பில் போட்டு முடிப்பதற்குள் வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்துவிடும். சாந்துப் பொட்டும் அப்படித்தான், கை பட்டால் இழுபடும். அந்த நேரத்தில்தான் தேரடித் தெரு வளையல் கடைகளில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாகத் தொங்க ஆரம்பித்தது. வெல்வெட் துணி, பின்னால் பசை. ஒட்டிக்கொண்டு மலையையே சுற்றி வந்தாலும் அசையாது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு பொட்டைப் பசை தீரும்வரை விடமாட்டோம். குளிக்கும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது, குளித்து வந்ததும் அதையே எடுத்து வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டுக் கண்ணாடி ஓரம் முழுக்க என் பொட்டும் என் தங்கை வசந்தாவின் பொட்டும்தான். சவரம் செய்ய நின்றால் பாதி முகம்தான் தெரிகிறது என்று அவர் தினமும் சண்டை பிடிப்பார்.

முதலில் அரித்தது. வேர்க்குரு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பொட்டை எடுத்தபோது கடுகு அளவுக்கு வெளுத்திருந்தது. வெளியே தெரியக் கூடாது என்று அதைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கினேன். அந்தப் பொட்டின் அளவுக்கு வெள்ளை வளர்ந்தது. அதற்கும் பெரிய பொட்டு வாங்கினேன். இப்படியே போனது. எது என்னைக் கெடுக்கிறதோ அதையே கடை கடையாகத் தேடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, பொட்டு நாளுக்கு நாள் பெருசாகினே போவுது? அடுத்த மாசம் தட்டு சைஸ்ல ஒட்டிக்குவ போல" என்று அவர் கிண்டல் செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

மறைத்ததற்குக் காரணம் வசந்தா. அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான். செங்கத்தில் உரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து அவளைக் கேட்டிருந்தார்கள். பையன் நல்லவன், அவளுக்கும் பிடித்திருந்தது. 'அக்காளுக்கு வெண்குஷ்டமாம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், 'தங்கச்சிக்கும் வரும்' என்று பத்து வாய் சேர்ந்துகொள்ளும். என் நெற்றியால் அவள் வாழ்க்கை போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அரிப்பு தாங்காமல்தான், அரிப்பை மட்டும் சொல்லி, வேலூருக்கு வந்தேன்.

டாக்டரம்மா நிதானமாகக் கேள்வி கேட்டார். உடம்பில் வேறெங்காவது வெளுத்திருக்கிறதா? செருப்பு வார் படும் இடம்? குடும்பத்தில் யாருக்காவது உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு என் முதுகில் ஒட்டுச்சோதனை (சந்தேகப்படும் பொருளைத் தோலில் கொஞ்சமாக ஒட்டி, தோல் என்ன செய்கிறது என்று பார்ப்பது) செய்தார். குங்குமம், சாந்து, மஞ்சள், ஸ்டிக்கர் பொட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படாமல் இருந்து திரும்பப் போனோம். மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"இது குஷ்டம் இல்லம்மா. பரம்பரையா வர்றதும் இல்ல. பசையில சேர்க்கிற ஒரு கெமிக்கல் உங்க தோலுக்கு ஆகல. நிறத்தைத் தயாரிக்கிற செல்லையே அது அழிச்சிருக்கு" என்றார். ரசாயன நிறமிழப்பு (வெளிப்பொருள் பட்டுத் தோல் வெளுப்பது) என்று அதற்குப் பெயர். தானாக வரும் வெண்புள்ளியும் குஷ்டம் இல்லை, தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"நிறம் திரும்பி வருமா டாக்டர்?" என்று அவர் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

"வரலாம், வராமலும் போகலாம். மாசக்கணக்குல ஆகும். களிம்பு தர்றேன். ஆனா நெத்தியில எதுவும் வைக்கக் கூடாது. ஸ்டிக்கர் ஜென்மத்துக்கும் வேணாம்."

பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டு வந்தேன். போளூர் தாண்டியதும் அவர் மெதுவாக அதை விலக்கினார். "என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். அழுதேன்.

வெள்ளையைவிடப் பொட்டில்லாத நெற்றிதான் கஷ்டமாக இருந்தது. பண்டகசாலை வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த என் மாமியார், "புருஷன் கல்லாட்டம் இருக்கறப்போ இது இன்னா கோலம்மா?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். விவரம் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் செங்கத்திலிருந்து பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியதும் மறுபடி ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஒரு நாளு மட்டும் ஒட்டிக்கோ. சபையில நெத்தி பாழா நிக்கலாமா? அவங்க போனதும் எடுத்துடு."

எனக்கும் சபலம்தான். பெட்டியில் மீதமிருந்த அட்டையை எடுத்துவிட்டேன். வசந்தா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "நீ ஒட்டிகினு வந்தா நான் அவங்க முன்னால வந்து நிக்கமாட்டேன்க்கா. பார்த்துக்கோ" என்றாள். என்னைவிடச் சின்னவள். அன்று எனக்கு அவள் அம்மா மாதிரி இருந்தாள்.

வந்தார்கள். பையனின் அம்மா கமலம்மாள் வாட்டசாட்டமானவர், நெற்றியில் அரக்கு நிறத்தில் பெரிய பொட்டு. வந்ததிலிருந்து போகும்வரை அவர் பார்வை என் நெற்றியை விட்டு நகரவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. காப்பி டம்ளரை வைத்த கையோடு நானே சொல்லிவிட்டேன். ஸ்டிக்கர் பசை ஒத்துக்கொள்ளவில்லை, தொற்றாது, பரம்பரையும் இல்லை என்று. "போயிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று வசந்தா சாப்பிடவில்லை.

பதில் வரவில்லை. பௌர்ணமியன்று கமலம்மாள் தனியாக வந்தார். மலை சுற்ற வந்தேன், தண்ணீர் கொடுங்கள் என்றார். சமையலறைவரை என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். பிறகு பொட்டை உரித்தார்.

என்னுடையதைவிடப் பெரிய வட்டம். ஓரமெல்லாம் புண்.

"ரெண்டு வருஷமா இருக்கும்மா. வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. இது குஷ்டம்னு தெரிஞ்சா யாரும் எம் புள்ளைக்குப் பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க பளிச்சுனு சொன்னீங்களே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. நெஜமாவே பசையாலதானா?"

நான் எதற்குப் பயந்து ஒட்டினேனோ, அதற்குப் பயந்துதான் அவரும் ஒட்டியிருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"டாக்டரம்மாதான் பார்த்துச் சொல்லணும். நான் கூட்டிகினு போறேன். மொதல்ல இத எடுத்துடுங்க" என்றேன்.

"நெத்திய வெறுமையா வெச்சிகினு புள்ள கல்யாணத்துல எப்படிம்மா நிக்கறது?"

எந்தப் பிள்ளை, எந்தக் கல்யாணம் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும்தான் நிக்கப்போறேன். சேர்ந்தே நிப்போம்" என்றேன்.

வேலூரில் அவருக்கும் பசைதான் என்று ஆனது. கல்யாணத்தில் குங்குமத் தட்டோடு வந்த பெண் எங்கள் இருவர் முன்னாலும் தயங்கி நின்றாள். சந்தனத்தைக் கையில் பூசிக்கொண்டு அனுப்பிவிட்டோம்.

எனக்கு நிறம் மெல்லத் திரும்பியது. வட்டத்துக்குள் கேழ்வரகு சிந்தியது போலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒன்றோடொன்று சேர எத்தனையோ மாதம் பிடித்தது. அந்த நாட்களில் நாட்காட்டியை நான் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓரிடம் வெளுத்தே நின்றுவிட்டது. கமலம்மாளுக்குப் பாதிதான் திரும்பியது. இப்போது பவுடரோ எண்ணெயோ எது புதிதாக வாங்கினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, சில நாள் விட்டுப் பார்க்கிறேன். அரித்தாலோ சிவந்தாலோ எடுத்துப் போட்டுவிடுவேன், எவ்வளவு விலையானாலும். வசந்தாவுக்கு ஒன்றும் வரவில்லை, ஆனாலும் அவளும் ஸ்டிக்கரை விட்டுவிட்டாள்.

கல்யாண ஆல்பம் வந்தபோது ஒரு வேடிக்கை. நாங்கள் பொட்டு வைக்க மறந்துவிட்டோம் என்று ஸ்டுடியோக்காரர் பரிதாபப்பட்டு, இருவர் நெற்றியிலும் பிரஷால் அழகாகப் பொட்டு வரைந்து வைத்திருந்தார். "இதுவாச்சும் அரிக்காது" என்று சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"நல்லாத்தானம்மா இருக்குது?" என்றார் அவர்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அது நாங்க இல்லிங்க. வேற பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றேன்.

அந்தப் பிரிண்ட்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் வசந்தாவும் மாப்பிள்ளையும். இரண்டு பக்கமும் நாங்கள், ஆளுக்கொரு வெள்ளை வட்டத்தோடு.