பல்லில் சுற்றிய வெள்ளை டேப்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராக இருக்கிறேன். முன்பல் விழுந்த இடத்தில், கழற்றி மாட்டும் செயற்கைப் பல் வைத்திருந்தேன். சில மாதங்களில் அது ஆட ஆரம்பித்தது. டாக்டரிடம் போக லீவு போட வேண்டுமே என்று, குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பை பக்கத்துப் பல்லைப் பிடிக்கும் அதன் கம்பியில் நான்கு சுற்று சுற்றி மாட்டிக்கொண்டேன். கச்சிதமாக நின்றது.

ஒரு நாள் கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது, பொங்கலோடு பல்லும் தொண்டைக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. இருமலும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. மேசையைத் தட்டினேன்.

எதிரே இருந்த வெல்டர் ஏழுமலை, "இன்னாண்ணா, விக்கலா? தண்ணி குடி" என்று டம்ளரை நீட்டினான். சொல்லக் குரல் இல்லை. கண் இருட்டியது. வாயைத் திறந்து பல் இல்லாத ஓட்டையைக் காட்டினேன்.

புரிந்துகொண்டவன் என்னைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தான். ஐந்தாவது அறையில் பல் தட்டில் விழுந்தது.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "டேப்பு பிரியவே இல்லண்ணா. வேலைய சுத்தமா பண்ணிக்கிற."

மூன்று முறை லீவு போட்டு, பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிலையாகப் பல் கட்டிக்கொண்டேன். அது அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நாக்கால் அதைத் தொட்டுப் பார்க்காமல் இன்றுவரை ஒரு வாய் சோறு விழுங்கியதில்லை.

- மு. தேசிங்கு, கவரைப்பேட்டை