முருகன் படத்துக்குப் பின்னால் போன ஒயர்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு அப்போது கரண்டு வரவில்லை. மகள் பரீட்சைக்குப் படிக்க, கார் பேட்டரியில் ஒரு பல்பு மாட்டியிருந்தோம். ஈப்போ டவுனில் சார்ஜ் செய்து வந்தால் ஒரு வாரம் தாங்கும். பரீட்சை நெருங்கும்போது பார்த்து, இரண்டே நாளில் செத்துப்போனது. தண்ணீர் ஊற்றினேன், முனைகளைச் சுரண்டினேன், சார்ஜ் கடைக்காரரைத் திட்டினேன். கடைசியில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு கிளை முருகன் படத்துக்குப் பின்னால் போனது. மகள் பாஸாக வேண்டுமென்று என் வீட்டுக்காரர் அங்கே மறைவாக ஒரு குட்டிச் சிவப்பு பல்பை இராப்பகலாக எரியவிட்டிருந்தார்.

“முருகனா பரீட்சை எழுதப் போறாரு?” என்றேன்.

“கழட்டினா கோவிச்சுக்குவாரு” என்றார்.

மகளே வந்து கழற்றினாள். “இருட்டுல கும்பிடலாம்லா, அப்பா. கணக்குப் போட முடியாது.”

அவள் பாஸாகிவிட்டாள். எனக்குத்தான் அந்தப் படத்தை நேராகப் பார்க்க இன்னும் நடுக்கம்.