மேளம் அடிக்காத செத்த வீடு

எங்கள் கரவெட்டியில் ஒரு செத்த வீட்டுக்குப் பறை முழங்கினால், மயிலிட்டிக் கடலில் மீன்கள் வலையை அறுத்துக்கொண்டு இந்தியாப் பக்கம் ஓடிவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மயிலிட்டி எங்கே, கரவெட்டி எங்கே! ஆனால் அடுத்த ஊர்க் கன்றுக்குட்டி பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. பறை, சங்கு, சேமக்கல மணி, எல்லாவற்றுக்கும் மேலே பெண்களின் ஒப்பாரி. சத்தம் குறைந்தால் செத்தவருக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று நினைக்கிற ஊர்.

அந்த ஊரில் வந்து பிறந்தவர்தான் முத்துக்குமாரு. எங்களுக்கெல்லாம் குமாரண்ணை.

முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் குமாரண்ணையின் கண் பனைகளின் பக்கம் போய்விடும். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வார். தோளில் கை வைத்தால் நெருப்புச் சுட்டதுபோலத் துள்ளுவார். மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு பனங்கூடலுக்குள் ஓட்டம். சின்ன வயதில் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, உடுக்கு அடிக்கிறவரைக் கூட்டிவந்து காதடியில் அடிக்க வைத்தார்களாம். சத்தத்துக்குப் பயந்த பிள்ளைக்குச் சத்தத்தாலேயே வைத்தியம் பார்த்த கெட்டிக்காரர்கள் எங்கள் ஆட்கள்! டாக்டருக்குப் படிக்கும் என் பேத்தி, இதற்கு ஓட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது என்கிறாள். அந்தக் காலத்தில் எங்களிடம் குமாரு என்ற பெயர் மட்டும்தான் இருந்தது.

ஊர் அவரை அறிந்துகொண்டது வேலி அடைப்பில். தென்னோலை பின்னிய கிடுகு வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் கிடுகுக்குள்ளால் நீட்ட, வெளியே இருப்பவர் வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்துவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அந்த மறைவில் குமாரண்ணை கதைத்தார்! எறும்பு போகும் வழி, புது ஓலையின் மணம், நேற்றைய குழம்பில் புளி கூடிப்போனது என்று எல்லாம் கதைத்தார். அவரோடு வேலி கட்டுவதற்கு இளந்தாரிகள் போட்டி போட்டார்கள்.

முப்பத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம், அவருடைய தாய் வள்ளிப்பிள்ளை ஆச்சி கண்ணை மூடினார். முன்பு தகப்பனின் செத்த வீட்டில் பறை தொடங்கியதும் குமாரண்ணை ஓடிப்போக, வேறு ஒருவர்தான் கொள்ளி வைத்தார். அன்றிலிருந்து ஆச்சி காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: “என்ரை கொள்ளி என்ரை பிள்ளையின்ரை கையாலைதான்.”

இப்போது ஆச்சி முற்றத்தில் கிடந்தார். பறை இன்னும் தொடங்கவில்லை, ஒப்பாரி மட்டும்தான். குமாரண்ணை வேலியோரமாகக் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். ஆச்சியின் தம்பி பொன்னம்பலம் நாலு பேரோடு போய் அவரைச் சூழ்ந்து நின்றார்.

“டேய் குமாரு, கொள்ளி வைப்பியோ?”

“கொள்ளி வைப்பியோ, கொள்ளி வைப்பியோ.”

“பாத்தியளோ? உவனை நம்பிப் பாடையைத் தூக்கேலாது. என்ரை மூத்தவன் வைக்கட்டும்.”

அப்போது தம்பிராசா என்ற இளந்தாரி குறுக்கே வந்தார். குமாரண்ணையோடு அதிகம் வேலி கட்டியவர். “பொறுங்கோ அம்மான். மூஞ்சைக்கு முன்னாலை நிண்டு கேட்டால் அவர் என்னண்டு சொல்லுவார்? எல்லாரும் அங்காலை அரக்குங்கோ.”

குத்தூசியை எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் ஒழுங்கைக்குப் போய், வெளியே இருந்து வேலிக்குள்ளால் கயிற்றை நீட்டினார். குமாரண்ணை ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தார். கயிற்றை வாங்கி இழுத்தார்.

“குமாரண்ணை, ஆச்சிக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?”

“குமாரு. அம்மா சொன்னவ. குமாரு.”

“அப்ப ஐயாவின்ரை செத்த வீட்டிலை ஏன் ஓடினனீங்கள்?”

குமாரண்ணை கயிற்றைத் திருப்பிக் குத்தினார். பிறகு சொன்னார்: “மேளம் தலைக்குள்ளை வருது. வெளியாலை போகுதில்லை.”

முற்றம் முழுவதும் அதைக் கேட்டது.

பொன்னம்பலம் தலையில் கை வைத்தார். “மேளமில்லாமல் என்ரை அக்காவை அனுப்புறதோ? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் உங்கைதானே நிக்குது, கேளுங்கோவன்” என்றார் தம்பிராசா வேலிக்கு வெளியே இருந்து.

முதலில் வாய் திறந்தவர் பறை அடிக்க வந்திருந்த கந்தப்பு. “ஐயா, நாங்கள் இல்லாமல் ஆச்சி போகக்கூடாது. மேளத்தைத் தோளிலை கொழுவிக்கொண்டு முன்னுக்கு நடப்பம். தடி தோலிலை படாது.”

அடுத்தது இராசாத்தி மாமி. ஒப்பாரியில் அவவை வெல்ல ஆளில்லை. “அழவும் கூடாதோ? அப்ப மூச்சு விடலாமோ, அதுக்கும் கேக்கவேணுமோ?” என்று சீறினா. சீறிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டா.

பாடை எழுந்தது. முன்னால் கந்தப்பு, தோலுக்கு மேலே தூக்கிய தடியோடு. பின்னால் குமாரண்ணை. அவரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டு ஊர் நடந்தது. சங்கு இல்லை, சேமக்கலம் இல்லை. பாடையின் மூங்கில் முனகுவது கேட்டது. மணலில் கால்கள் புதைவது கேட்டது. இத்தனை பனை எங்கள் ஊரில் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் என் காதுக்குத் தெரிந்தது. கோயில் நடை திறக்கும்போதுகூட வாய் மூடாத சனம் அது! என் பக்கத்தில் இராசாத்தி மாமியின் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. காகங்களும் கரையவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். சுடலைக்கு நாங்கள் போவதில்லை. அங்கே குமாரண்ணை கொள்ளிக்குடம் சுமந்து சுற்றி, முறைப்படி முதுகு காட்டி நின்று கொள்ளி வைத்து, திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்ந்தார் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, அதை வீட்டில் வாசித்தும் காட்டினேன்.

கேட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்த என் வீட்டுக்காரர், அதே தம்பிராசாதான், எழுந்து உட்கார்ந்தார்.

“பிழை. நீர் அங்கை வரேல்லைத்தானே. அவர் திரும்பிப் பாத்தவர். கொள்ளியை வைச்சிட்டு, ‘அம்மா போறா, அம்மா போறா’ எண்டு நெருப்பைப் பாத்தபடி நிண்டிட்டார். ஒருத்தரும் அவரைத் தொடேல்லை, இழுக்கேல்லை. போகத் தொடங்கின எங்களிலை பொன்னம்பல அம்மான்தான் முதல் நெருப்புப் பக்கம் திரும்பினவர். பிறகு நாங்கள் அவ்வளவு பேரும் திரும்பி, அவரோடை நிண்டு பாத்தனாங்கள்.”