சம்பூரணம் ஒத்துக்கொள்ளாத பதினொரு மாடல்கள்

செய்தி வந்தபோது நான் ஒரு ஏஐ மாடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ராசிபுரத்துக் கல்யாண கேசட் ஒன்றைத் தெளிவாக்கச் சொன்னால், அது மணப்பெண்ணின் கையில் ஆறாவது விரலை முளைக்க வைத்திருந்தது. அப்போதுதான் போன் அடித்தது. என் கடையில் வேலை பார்க்கும் சம்பூரணத்தின் மகள் கோகிலா. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் காபி குடித்துவிட்டு, கடைக்குக் கிளம்பச் சேலை கொசுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். ஆள் கடைசிவரை வேலைக்குக் கிளம்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் திருச்செங்கோட்டு வீட்டுக்குப் போயிருந்தபோது கோகிலா என்னைத் தனியாக அழைத்தாள். "அம்மாவோட கண்ணாலக் கேசட்டு உங்ககிட்டத்தானுங்க மாமா இருக்குது? கருமாதிக்குள்ள முடிச்சுக் குடுங்க. எங்கப்பா மூஞ்சிய ஒருக்காவாச்சும் நல்லாப் பாக்கோணும்." சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது. நான்கு வருடமாக என்னால் முடிக்க முடியாத கேசட் அது. அதில் இருக்கும் முகம் சரியா தப்பா என்று சொல்ல, எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் எரித்துவிட்டு வந்திருந்தோம்.

அஸ்தம்பட்டியில், பழைய வீடியோ கேசட்டுகளைத் தெளிவாக்கிக் கொடுக்கும் என் கடைக்கு வந்துபோகும் வீடியோக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலத்தில் ஒரு பட்டுக் கடையில் இருபத்தைந்து வருடம் சேலை எடுத்துப் போட்டவர். வேலையை விட்ட பிறகு, தன் கல்யாண கேசட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வாடிக்கையாளராக வந்தார். அன்று திரையில் வேறு யாருடைய கல்யாணமோ ஓடிக்கொண்டிருந்தது. கும்பிடுகூடப் போடவில்லை, முதல் பேச்சே இதுதான்: "ஏனுங்கண்ணா, அந்தப் புள்ளை கட்டியிருக்கறது மாம்பழக் கலரு. நீங்க எதுக்குங்க அரக்குல முக்கி எடுத்திருக்கறீங்க?"

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின்மேல்தான் இருக்கும். "இவ்வளவு தெரிஞ்சா நீங்களே உட்கார்ந்து செய்யுங்களேன்" என்றேன். சுருக்கென்று சொன்னால் ஆள் போய்விடுவார் என்று நினைத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு டிபன் கேரியரோடு வந்து, "எங்கங்க உக்காரோணும்?" என்று கேட்டார். நான்கு வருடம் உட்கார்ந்தார்.

மாடல்களின் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையாது. நுழைந்தாலும் மதிக்க மாட்டார். எழுத்தும் எண்ணுமாகக் கம்பெனிக்காரன் வைத்த பெயர்களை அழித்துவிட்டு அவரே நாமகரணம் செய்தார். எல்லா முகத்தையும் வெள்ளையடிக்கும் மாடலுக்கு ‘பவுடர் டப்பா’. சுருக்கம், மடிப்பு எதையும் விட்டுவைக்காததற்கு ‘இஸ்திரிப்பெட்டி’. அழகு எதுவும் சேர்க்காமல், இருக்கும் குறையை எல்லாம் அப்படியே காட்டும் மாடலுக்கு ‘மாமியா’. "இந்தக் கேசட்டுக்கு மாமியாளை ஓட்டிப் பாருங்கண்ணா" என்பார். வெளியே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்கள் பயந்து எட்டிப் பார்ப்பார்கள்.

புது மாடல் எது வந்தாலும் உடனே இறக்கிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாமக்கல் கல்யாணம் ஒன்றுக்கு முகங்களைத் தேடித் தேடித் தீட்டும் ஒரு மாடலைப் போட்டுவிட்டுப் பெருமையாகக் காட்டினேன். சம்பூரணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அண்ணா, மாப்பிள்ளையோட தாய்மாமன் எளநிக் கொலைல தொங்கறாருங்க!" பார்த்தால், பந்தல் காலில் கட்டியிருந்த இளநீர்க் குலையில் ஓர் இளநீருக்கு மீசையோடு முகம் வந்திருந்தது. சிரித்துச் சிரித்து அன்று வேலையே ஓடவில்லை. கல்யாண வீட்டுக்காரரிடம் தப்பை ஒப்புக்கொண்டு வேறு மாடலில் செய்து கொடுத்தோம். அந்த மனுஷரோ, எளநி மாமன் இருக்கும் வீடியோத் துண்டையும் கேட்டு வாங்கிப் போனார்.

இப்படிச் சிரிக்கும் ஆள், தன் கேசட் என்று வந்தால் கல்லாகிவிடுவார். பூசணம் ஏறிய நாடா அது. துடைத்து ஓடவிட்டபோது முகூர்த்தத்தில் ஒரு பத்து விநாடிதான் உருப்படியாகக் கிடைத்தது. மாப்பிள்ளை மாரப்பன் கேமராவைப் பார்க்கிறார், சிரிக்கிறார், திரும்பி மணப்பெண்ணைப் பார்க்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில் வேலை பார்த்தவர். கிணறு போட ஆந்திரா பக்கம் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, கோகிலாவுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். வேறு வீடியோ கிடையாது.

முதல் மாடலிலேயே முகம் பளிச்சென்று வந்தது. சினிமா நடிகர் தோற்றார். காபி வாங்கித் தருவார் என்று எதிர்பார்த்தேன். "இது யாருங்க?" என்றார்.

"உங்க வீட்டுக்காரருதாங்க."

"எங்கூட்டுக்காரருக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்புங்கண்ணா. தழும்பில்லாத ஆள நான் கட்டிக்கலீங்க."

வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவிலும் தழும்பு கிடையாது. அந்தக் கால ஸ்டூடியோக்காரர் பென்சில் வைத்துத் தடவி வழவழவென்று ஆக்கியிருந்தார். "போட்டாக்காரனும் தடவிப்புட்டான், உங்க மிசினும் தடவுது. அந்த மனுசன் மூஞ்சி ஒருத்தனுக்கும் ஆகலியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் திரையைவிட்டு நகரவில்லை. கோகிலாவுக்குத் தழும்பு விஷயம் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாதுங்க. சின்னப் புள்ளைல போட்டாவைப் பாத்து, எங்கப்பா அழகுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியும். அதைப் போயி நான் எதுக்குங்க கெடுக்கறது? நெச மூஞ்சி வரட்டும், அதுவே பாத்துக்கட்டும்."

பதினொரு மாடல்கள் போட்டேன். பதினொன்றையும் தள்ளினார். மாமியாகூட ஏமாற்றிவிட்டாள். கடைசித் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாடாவுல இருக்கற புள்ளி எது, அவரு மூஞ்சில இருக்கற புள்ளி எதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டும் புள்ளிதானே!" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. "சேலைல ஒரு புள்ளி இருந்தா அது கறையா, நெஞ்ச பூப்புட்டாவான்னு ஒரு மடிப்பைப் பாத்து எப்படிங்க சொல்றது? நாலு மடிப்பைப் பிரிச்சுப் பாக்கோணும். புட்டான்னா அதது எடத்துல இருக்கும்." கணினியைப் பற்றிப் பேசினால் இந்த அம்மா சேலைக் கடையை விரிக்கிறதே என்று எரிச்சலோடு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். அது அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு.

கருமாதிக்கு நான்கு நாள் இருக்கையில்தான் அந்தச் சேலைப் பேச்சு என் மரமண்டையில் ஏறியது. கேமராக்காரனாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: பழைய படம் எதுவானாலும் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை முதலில் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. நான் கழுவிய கழுவலில் மாரப்பனின் தழும்பு முதல் தண்ணீரிலேயே போயிருந்தது. அப்புறம் பதினொரு மாடல் என்ன, நூறு மாடல் போட்டாலும் இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? மாடல்களைக் குறை சொன்னேன், சம்பூரணத்தை வைதேன். தப்பு முழுக்க என் கையில் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்து, "சொன்னா ஒழுங்காச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பிறகு அழுதேன். ஒழுங்காகத்தானே சொல்லியிருந்தார்.

கழுவாத மூலத்தை எடுத்தேன். விநாடிக்கு இருபத்தைந்தாக ஓடும் படங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கும் மாடல்களை ஒதுக்கினேன். அவர் சொன்ன நாலு மடிப்பு மாதிரி, முன்னும் பின்னும் உள்ள படங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் மாடல் ஒன்று உண்டு. மெதுவாக ஓடும், பளபளப்பும் வராது என்று நான் தொடாமலே வைத்திருந்தது. நாடாவின் அழுக்கு படத்துக்குப் படம் இடம் மாறிக் குதிக்கும். தழும்பு, முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கன்னத்தோடு சேர்ந்தே திரும்பும். குதிப்பதை விட்டுவிட்டு, தங்குவதை அந்த மாடல் பிடித்துக்கொண்டது. நான்கு மடங்கு பெரிதாக்கும் ஆசையை அடக்கி, இரண்டு மடங்கோடு நிறுத்தினேன். பத்து விநாடிக்கு ஒன்றரை நாள் ஆனது. வந்த முகத்தில் கன்னம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். இது மாரப்பனா, அல்லது மாடல் கட்டிய இன்னொரு கதையா? கேட்பதற்கு ஆள் இல்லை. பயத்தோடுதான் பஸ் ஏறினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பளிச்சென்ற பழைய முகத்தையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன்.

கருமாதிச் சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் போட்டேன். சம்பூரணம் பதினெட்டுப் பத்தொன்பது வயதில் மாலையும் கழுத்துமாக வந்தார், பெண்கள் பக்கமிருந்து "அட, சம்பூரணத்தைப் பாரேன், என்னமா மொறைக்கறா!" என்று ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்து மாரப்பன் திரும்பினார். நான் டிவியை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். மாரப்பனோடு போர்வண்டியில் ஒன்றாக வேலை பார்த்த நல்லுசாமி என்ற பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டேய் மாரப்பா!" என்று டிவியைப் பார்த்துக் கூப்பிட்டார். "இவனேதானுங்க! எங்கடா போயிருந்த இத்தன நாளு?" அப்புறம் கூடமே பேச ஆரம்பித்துவிட்டது. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று ஒன்பது தடவை போடச் சொன்னார்கள். கருமாதி வீடு கல்யாண வீடாகிவிட்டது.

ஒன்பதாவது தடவை, கோகிலா டிவிக்குக் கிட்டே போய்ப் படத்தை நிறுத்தச் சொன்னாள். "அப்பாவுக்கு அம்மை போட்டிருந்துச்சுங்களா மாமா?"

"ஆமா சாமி. பளிச்சுன்னு ஒண்ணும் கொண்டாந்திருக்கறேன். வேணும்னா அதைப் போடட்டுமா?"

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க மாமா. அந்தப் போட்டாவுல இருக்கறவரைக் கும்பிடத்தான் தோணும். இவருகிட்டப் பேசலாம் போல இருக்குதுங்க."

சம்பூரணம் இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்றைச் சொந்தமாக எடுத்துக்கொண்டேன். அது ஒரு கேள்வி. கடைக்கு யார் கேசட் கொண்டுவந்தாலும், மாடலைத் தொடுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மாள், இறந்துபோன தன் தாயாரின் வீடியோவோடு வந்தார். "உங்கம்மா மூஞ்சில என்ன குறைங்க?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மாவுக்கா? ஒரு குறையும் கிடையாது!" என்றார். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் உதடு தானாக விரிந்தது.

"ஒரு பல்லு மட்டும் முன்னால நிக்குங்க. சிரிச்சா, அதுதான் மொதல்ல வெளிய வரும்."