மார்னிங் ஷோவில் ஓர் அணில் குடும்பம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாத விடுமுறையில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. ஆபரேஷன் அன்று எங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் அப்பா திருச்சி புத்தூரில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கே எங்களையும் கூட்டிப் போயிருந்தார். தள்ளுவண்டியில் அம்மாவைப் படுக்க வைத்து, கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, நீளமான நடைவழியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள் என்று பிறகு அப்பா சொன்னார்.

அன்று சாயங்காலமே உப்பிலியபுரத்திலிருந்து சித்தி வந்துவிட்டாள். அம்மாவின் கடைசித் தங்கை. இருபது வயது இருக்கும். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். திருச்சி அவளுக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் ஏறினால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வார்டுக்குள் சிறு பிள்ளைகளை விடமாட்டார்கள். அப்பா தினமும் ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார். "அம்மா நல்லா இருக்காங்க" என்பார். முதல் இரண்டு நாள் தங்கை நூறு கேள்வி கேட்டாள். அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் சித்திக்குக் கவலையாக இருந்தது.

"டவுன்ல மார்னிங் ஷோ கார்ட்டூன் படம் ஓடுது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயிட்டு வாம்மா. சிரிச்சிட்டு வருவாங்க" என்றார் அப்பா.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே மாமா."

"அணில் குதிக்கும், முயல் ஓடும். அதுக்கு என்னத்துக்கு இங்கிலீஷ்?"

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். சித்தி தலைக்குக் குளித்து, பூ வைத்து, வயர் கூடையில் முறுக்கு டப்பா எடுத்து வந்திருந்தாள். தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள். விளக்கு அணைந்ததும் விசில் பறந்தது.

படம் ஓர் அணில் குடும்பத்தைப் பற்றியது. அம்மா அணிலுக்கு இரண்டு குட்டிகள். பெரியது துடுக்கு, சின்னது பயந்தாங்கொள்ளி. காளான்கள் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லின. தவளைகள் வரிசையாக நின்று பாடின. தங்கை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதுபோலச் சித்தி படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு படத்தில் பனிக்காலம் வந்தது. எங்களில் யாரும் பனி கொட்டிப் பார்த்ததில்லை. "என்னடி, பஞ்சு பறக்குது?" என்று சித்தி என் காதில் கேட்டாள். குட்டிகளுக்குத் தீனி தேடி அம்மா அணில் வெளியே போனது. காற்று அடித்தது. அது நடந்தது, விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. பனி அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளை மேடுதான் தெரிந்தது. இரண்டு குட்டிகளும் வந்து அந்த மேட்டை மூக்கால் முட்டின.

தியேட்டரில் சத்தமே இல்லை. "அது தூங்குதுடா கண்ணு" என்றாள் சித்தி. எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் தன் பிள்ளைக்குப் படம் முழுக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உரக்கச் சொன்னார்: "அம்மா செத்துப்போச்சு. இனிமே அதுங்க ரெண்டும் தனியாத்தான் இருக்கணும்."

அங்கங்கே பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். தங்கை அழவில்லை. எழுந்து, எங்கள் முழங்கால்களைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். தியேட்டர் வாசற்படியில், வெயிலில், உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா? பயமா இருந்துச்சா? அது படம்டா. யாரோ வரைஞ்சது" என்று சித்தி பக்கத்தில் குந்தினாள்.

தங்கை நிதானமாகக் கேட்டாள்: "சித்தி, அம்மா செத்துப் போயிட்டாங்களா? அதைச் சொல்லத்தான் இங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

சித்தி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இல்லடி. அக்கா நல்லா இருக்கா. நேத்துகூடக் கஞ்சி குடிச்சாளாம்" என்றாள். "அப்பா மேல சத்தியம்" என்றாள். "சாமி மேல சத்தியம்" என்றாள். தங்கை அசையவில்லை. "வெள்ளைத் துணி போட்டுத்தான் கொண்டு போனாங்க. நான் பாத்தேன்" என்றாள்.

அந்த வெள்ளைத் துணியை நானும் பார்த்திருந்தேன். எனக்கும் தெரியாதுதானே. அப்பா சொன்னதைத் தவிர எங்களிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை. நான்தான் அழுதேன்.

சித்தி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க போவோம்" என்றாள்.

புத்தூர் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பூக்காரம்மாவைக் கேட்டாள், ஒரு கண்டக்டரைக் கேட்டாள், தவறான பஸ்ஸில் ஏறி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினோம். கடைசியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது.

"பிள்ளைங்களை விட மாட்டாங்கம்மா. சட்டம்" என்றார் வாட்ச்மேன்.

ஆண்களிடம் நிமிர்ந்துகூடப் பேசாத சித்தி அன்று பேசினாள். "அண்ணே, இந்தப் பிள்ளை அவ அம்மா செத்துட்டான்னு நினைக்கிறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. நீங்களே சொல்லிப் பாருங்க."

அவர் தங்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பின்பக்கம் துணி காயப்போடுற இடம் இருக்கு. பிள்ளைங்க அங்க நிக்கட்டும். நீ மட்டும் மாடிக்குப் போ, சீக்கிரம்" என்றார்.

பின்பக்கம் கொடிகளில் படுக்கை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் அவற்றுக்கு நடுவே நின்று மாடியைப் பார்த்தோம். நேரம் போனது. மாடி வராந்தாவில் முதலில் அப்பா தெரிந்தார், கையில் பிளாஸ்க்குடன், ஒன்றும் புரியாத முகத்தோடு. பிறகு சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அம்மா வந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியை ஏதோ ஒரு முடிச்சாகப் போட்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

"அது அம்மாதானா?" என்றாள் தங்கை. "பேசச் சொல்லு."

"அம்மா, பேசுங்க" என்று நான் கத்தினேன். தையல் போட்ட வயிற்றோடு அம்மாவால் சத்தம் கொடுக்க முடியவில்லை. உதடு அசைந்தது, கீழே ஒன்றும் கேட்கவில்லை. சித்தி குனிந்து கேட்டுவிட்டு, கம்பிக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள்:

"தலைக்கு எண்ணெய் வெக்காம ஏன் இப்படிப் பரட்டையா வந்திருக்கீங்கன்னு கேக்குறா."

தங்கை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அம்மாதான்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். காயப்போட்ட விரிப்பு ஒன்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விக்கல் வரும்வரை அழுதாள்.

அப்பா கீழே வந்ததும் சித்தி, "என்னைத் திட்டுங்க மாமா" என்றாள். "நான்தானேம்மா போகச் சொன்னேன்" என்றார் அவர். எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் பூரி வாங்கிக் கொடுத்தார். சித்தி இரண்டு செட் சாப்பிட்டாள். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் தங்கை கேட்டாள், "அந்தக் குட்டிங்க என்ன ஆச்சு?"

பாதிப் படத்தில் வந்துவிட்டோம், யாருக்கும் தெரியாது. சித்தி ஆற்றையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அதுங்களுக்கு ஒரு சித்தி அணில் இருந்துச்சாம். எங்க ஊர்ப் பச்சைமலையிலேர்ந்து பஸ் ஏறி வந்துச்சாம்" என்று ஆரம்பித்தாள். அம்மா வீடு திரும்பும்வரை அந்தக் கதை நாள்தோறும் நீண்டது. சித்தி அணில் ரவா உப்புமா செய்தது, குட்டிகளுக்குப் பேன் பார்த்தது, ஒருமுறை கொள்ளிடத்தில் நீந்தியது. உண்மையான முடிவு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சித்தியை வையம்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். எண்பதுகளில் விடுமுறைக்கு மகளோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். அப்போது எங்கள் வீட்டில் டி.வி. வந்துவிட்டது. வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்குக் கிடைத்தன. ஒருநாள் கேசட் கடையில் எனக்குக் கூச்சமாகும்படி சித்தி சொன்னாள்: "கார்ட்டூன் குடுங்க தம்பி. ஆனா அம்மா சாவுறது வேண்டாம்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஓர் ஆந்தைப் படத்தைக் கொடுத்தார். அவர் ஏமாற்றவில்லை. அம்மா ஆந்தை கடைசிவரை நன்றாகவே இருந்தது. தாத்தா ஆந்தைதான் இறந்துபோனது. சித்தி டெக்கை நிறுத்தப் பாய்ந்தாள். அதற்குள் பாவாடை தாவணி போடும் அளவுக்கு வளர்ந்திருந்த தங்கை அவள் கையைப் பிடித்து, "விடுங்க சித்தி, பாக்கட்டும். முடிவு தெரிய வேணாமா?" என்றாள்.

சித்தியின் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ச் சித்தி மடியில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே கடைசிவரை பார்த்தாள். படம் முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். அம்மா சமையலறையிலிருந்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். யாரும் போகவில்லை. அவளே தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.